இரு கூரைகளின் நடுவே ஓர் இரவு

பின்லாந்து தேசத்தின் வடகோடியிலே, துருவ வட்டத்துக்கும் அப்பால், இனாரி என்றோர் ஏரி இருக்கின்றது. அதன் பரப்பு 1,000 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய நமது யாழ்ப்பாண மாவட்டத்தின் அளவு என்று கொள்ளலாம். 3,000க்கு மேற்பட்ட தீவுகள் அதனுள்ளே சிதறிக் கிடக்கின்றன. நவம்பர் மாதத்திலே அதன்மேற் பனிக்கட்டி படரத் தொடங்கினால், முற்றாகக் கரைவதற்கு ஜூன் மாதம் வந்துவிடும்.

டிசெம்பர் மாதத் தொடக்கத்திலே அங்கே கதிரவன் மறைந்தானாயின், மீண்டும் அவன் முகத்தைக் காண்பதற்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். நண்பகலிலே சில மணி நேரம் நீலநிறமானதொரு மெல்லொளி பரவும். பின்னர் அதுவும் அடங்கிவிடும். அந்த இருண்ட பருவத்தைப் பின்லாந்து மக்கள் 'காமொஸ்' என்பர்.

அப்பருவத்து ஜனவரி இரவொன்றிலே, அவ்வேரியின்மேல் மீன் பிடிக்கச் செல்லும் முதியவர் ஒருவரை நாம் பின்தொடர்வோம். ஏரியிலே என்று கூறவில்லை. ஏரியின்மேல் என்றே கூறினேன். அங்கே ஓடமில்லை, துடுப்பில்லை. நீர்ப்பரப்பின்மீது கால்நடையாகவே செல்கின்றனர். முதியவருடன் பத்து வயதுப் பேரனும் வருகின்றான். இவ்விருவரும் நம் கற்பனை மாந்தர். ஆயினும் அவர்கள் செய்வனவும் காண்பனவும் அந்நாட்டிலே மெய்யாக நிகழ்வனவே. குளிரோ பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை. மூச்சு வெளிவந்தவுடன் மீசையிலே உறைந்துவிடுகின்றது.

பனிக்கட்டியைப் படிக்கும் கல்வி

முதியவர் கையிலே அலவாங்கு போன்றதோர் இரும்புக்கோல் இருக்கின்றது. ஐயம் தோன்றிய இடங்களிலெல்லாம் அதனால் முன்னே குத்திப் பார்த்த பின்னரே அவர் அடியெடுத்து வைக்கின்றார். பேரன் அவர் பதித்த சுவட்டிலேயே தன் பாதத்தைப் பதித்து நடக்கின்றான். அவனுக்கு இதுவே முதற்பாடம்.

பனிக்கட்டி என்பது நமக்கு ஒரே பொருள். அங்குள்ளார்க்கு அது பலவகை. கருமை படர்ந்த தெளிந்த பனிக்கட்டியே வலியது. 10 சென்ரிமீற்றர் தடிப்பாவது இருந்தால், அதன்மேல் நடந்து செல்லலாம். வெண்பனி நீரிலே ஊறி உறைந்தமையால் உண்டாகும் வெண்ணிறக் கட்டிக்கு அதன் பாதி வலிமையே உண்டு. ஆறு வந்து கலக்கும் வாயில், தீவுகளுக்கிடையே நீரோட்டமுள்ள ஒடுக்கம், நாணல் நிற்கும் கரையோரம் ஆகியன நடுக்குளிர்காலத்திலும் நம்பத்தகாதவை. வேனிலை அண்டிய நாட்களிலோ, பனிக்கட்டி தடித்துத் தோன்றினாலும் உள்ளே உக்கிப்போயிருக்கும்.

இருவர் கழுத்திலும் கயிற்றிற் கோத்த இரண்டு சிறு கைபிடிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் கூரிய ஆணி உண்டு. தவறி நீரில் வீழ்ந்தவர், தாம் வந்த திசையை நோக்கித் திரும்புதல் வேண்டும். ஏனெனில், சற்றுமுன் தம்மைத் தாங்கிய பனிக்கட்டி அந்தத் திசையிலேதான் இருக்கின்றது. கால்களை உதைத்து உடலை மட்டமாக்கி, ஆணிகளைக் கட்டியிலே குத்தித் தம்மை இழுத்து ஏறவேண்டும். ஏறியபின் எழுந்து நிற்றல் ஆகாது, உருண்டே அகலவேண்டும். நடக்கக் கற்கும்போதே இதனையும் அங்கே கற்பிக்கின்றனர்.

இக்கல்வியின் பெரும்பகுதி ஏட்டிலே இருந்ததன்று, மொழியிலே இருந்தது. இனாரி ஏரியைச் சூழ வாழும் இனாரி சாமி மக்கள், பனிமான் மேய்ப்பதிலும் பார்க்க மீன்பிடியையே தொன்றுதொட்டுப் பெரிதும் நம்பி வாழ்ந்தவர்கள். பனிக்கட்டியிலே வரிசையாகத் துளைகள் இட்டு, நீண்ட கம்பொன்றைத் துளைக்குத் துளை அடியாலே செலுத்தி, அதன் பின்னே கயிற்றையும் வலையையும் இழுத்து விரிக்கும் முறை அவர்கள் கைவந்த கலை. வெண்பனியின் தன்மைகளையும் பனிக்கட்டியின் தன்மைகளையும் வேறுபடுத்திக் கூறுதற்குச் சாமி மொழிகளிலே சொல்வளம் மிகுதி. ஆனால் இனாரி சாமி மொழியைப் பேசுவோர் இன்று சில நூற்றுவரே. அம்மொழி அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்த காலத்திலே, 1997ஆம் ஆண்டில், 'மொழிக்கூடு' என்னும் குழந்தைப் பள்ளி தொடங்கப்பட்டது. சிறு குழந்தைகள் அங்கே நாள்முழுதும் அம்மொழியையே கேட்டு வளர்கின்றனர். ஒரு மொழி மறைந்தால் பாடல்கள் மாத்திரமா மறையும்? எந்தப் பனிக்கட்டி நம்மைத் தாங்கும் என்னும் அறிவுங்கூட மறைந்துபோகும்.

நள்ளிரவு மீன்

கரையிலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டோம். முதியவர் சறுக்குவண்டியிலிருந்து பெரிய துறப்பணம் ஒன்றை எடுக்கின்றார். தச்சர் மரத்திலே துளையிடுவது போல அதனைச் சுழற்றுகின்றார். வெண்ணிறத் துருவல்கள் குவிகின்றன. ஏறக்குறைய அரை மீற்றர் ஆழம் சென்றதும் 'குபுக்' என்று கருநீர் மேலெழுகின்றது. துளையின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. கண்ணகப்பை போன்ற கரண்டியாலே மிதக்கும் துருவல்களை அள்ளிவிட்டு, பனிமான் தோல் விரித்த பெட்டியின்மேல் அவர் அமர்கின்றார்.

தூண்டிற்கோல் முழங்கை நீளமும் இல்லை. அதிற் சுற்றிய தங்கூசியிலே போலிமீன் ஒன்றும், அதன் கொளுவியிலே சிறுமீன் துண்டொன்றும் இருக்கின்றன. ஏரியின் அடித்தளத்தைத் தொடும்வரை அதனை இறக்கி, மெல்ல மேலே தூக்கியும் தாழ்த்தியும் அசைக்கின்றார். சில நிமிடங்களிலே துளையின்மேல் மெல்லிய ஆடை படர்கின்றது. பேரன் அதனை உடைத்து விடுகின்றான். பின்லாந்திலே இவ்வாறு எளிய தூண்டிலிட்டுப் பனிக்கட்டியின்மேல் மீன்பிடிப்பதற்குப் பெரும்பாலான நீர்நிலைகளிலே கட்டணமும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. அது எல்லோர்க்கும் உரிய பொது உரிமை.

பகலை விட்டு இரவிலே வந்தது ஏன்? அவர்கள் தேடி வந்த மீன் இரவிலேதான் உலாவும். அதன் பெயர் 'மாதே'. கடலிலே வாழும் கொட் மீன் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அக்குடும்பத்திலே நன்னீரையே வாழ்விடமாகக் கொண்டது இது ஒன்றுதான். புள்ளி படர்ந்த பழுப்பு மேனி, வழுவழுப்பான தோல், தாடையின் கீழே ஒரேயொரு தாடிமயிர். மற்ற மீன்கள் குளிரிலே சோர்ந்து ஒடுங்கியிருக்க, இது மாத்திரம் கடுங்குளிரையே தன் மணக்காலமாகக் கொள்கின்றது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலத்திலே, பனிக்கட்டியின் கீழுள்ள இருளிலே, ஒரு பெண்மீன் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும்.

இதன் ஈரலிலே உயிர்ச்சத்து ஏ, டி ஆகியன நிறைந்துள்ளன. கதிரவனொளி நம் தோலிலே பட்டால் உண்டாவது உயிர்ச்சத்து டி. கதிரவனே இல்லாத பருவத்திலே, அந்நாட்டார்க்கு அதனைத் தருவது இருண்ட நீரின் அடியிலே வாழும் ஒரு மீன்!

தங்கூசி கனக்கின்றது. முதியவர் இரு கைகளாலும் மாறிமாறி இழுக்கின்றார். துளைவழியே தட்டையான தலையொன்று வெளிவருகின்றது. மேலே எடுத்தவுடன் மீன் தன் வாலை அவர் கையிலே பாம்புபோற் சுற்றுகின்றது. பேரன் நகைக்கின்றான். வெண்பனியின்மேல் இட்ட சிறிது நேரத்திலே மீன் விறைத்து மரக்கட்டை போலாகிவிடுகின்றது.

முதலாவது கூரை

இங்கே மாணவர் ஒருவர் வினவக்கூடும்: மேலே 25 பாகை உறைகுளிர் நிலவ, கீழே மீன்கள் எவ்வாறு உயிர்வாழ்கின்றன? ஏரி முழுவதும் ஏன் கல்லாக உறைந்துவிடவில்லை?

இதற்கு விடை நீரின் விசித்திரமான இயல்பிலே இருக்கின்றது. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். உறைந்தால் அடியிலே தாழும். நீரும் 4 பாகை செல்சியசு வரை அவ்வாறே கனக்கின்றது. அதன்கீழ்க் குளிர்ந்தாலோ மீண்டும் விரிந்து இலேசாகின்றது. ஆகவே இலையுதிர்காலத்திலே ஏரியின் மேல்நீர் குளிர்ந்து தாழ்ந்து, கீழ்நீர் மேலெழுந்து, ஏரி முழுவதும் 4 பாகையை அடைந்த பின்னர், அதனினுங் குளிர்ந்த நீர் தாழாது மேலேயே தங்கி உறைகின்றது. உறையும்போது அது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கிறது, எனவே மிதக்கின்றது.

மிதக்கும் அக்கட்டி கூரையாகின்றது. அதன்மேல் வீழும் வெண்பனி கம்பளியாகின்றது. குளிர் இவற்றை ஊடுருவி மிக மெதுவாகவே கீழிறங்கும். கட்டி தடிக்கத் தடிக்க, மேலும் தடிப்பது தாமதமாகின்றது. ஆழத்திலே நீர் 4 பாகையை அண்டியே இருக்க, அங்கே மீன்கள் வாழ்கின்றன. நீரும் ஏனைய திரவங்களைப்போல் நடந்திருப்பின், வடநாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறைந்து மேலேறியிருக்கும். மாதேயும் இல்லை, மாதேயைத் தேடி வந்த மனிதரும் இல்லை.

வானத்து நரியின் வால்

"தாத்தா, அதோ!" என்கின்றான் பேரன்.

வடதிசையிலே, தீவொன்றின் ஊசியிலை மரங்களுக்கு மேலே, சாம்பல் நிறமான வில்லொன்று தோன்றியிருக்கின்றது. முதலிலே அதனை முகில் என்றே எண்ணத் தோன்றும். முதியவர் தலையிலே கட்டியிருந்த விளக்கை அணைக்கின்றார். கண்கள் இருளுக்குப் பழகுகின்றன. வில் பச்சையாகின்றது, இரண்டாகப் பிரிகின்றது, திடீரென மடிப்பு மடிப்பான திரைச்சீலை போல அசைந்து தலைக்கு மேலே வருகின்றது. அதன் கீழ்விளிம்பிலே ஊதாவும் இளஞ்சிவப்பும் ஓடி மறைகின்றன. வெண்பனி முழுவதும் பசுமை பூத்துவிட்டது. பேரனின் முகமும், விறைத்துக் கிடக்கும் மீனும், துளையிலுள்ள கருநீருங்கூடப் பச்சையாய்த் தோன்றுகின்றன.

சிறுவன் மகிழ்ச்சி மேலீட்டாலே சீழ்க்கையடிக்க வாயைக் குவிக்கின்றான். முதியவர் உதட்டிலே விரலை வைக்கின்றார். துருவ ஒளியை நோக்கிச் சீழ்க்கையடித்தலும் கேலிசெய்தலும் ஆகாது. அது இறங்கி வந்து கவர்ந்து செல்லும் என்பது சாமி மக்களின் பழைய நம்பிக்கை. பின்லாந்து மொழியிலோ இவ்வொளிக்கு 'நரித்தீ' என்று பெயர். மலைச்சாரலிலே ஓடும் நரியொன்று தன் வாலாலே வெண்பனியை வாரி வானத்தில் வீசுகின்றதாம், அதுவே ஒளியாகின்றதாம்.

இரண்டாவது கூரை

விஞ்ஞானம் கூறும் கதையோ நரியின் கதைக்கு அதிசயத்திலே குறைந்ததன்று.

1741ஆம் ஆண்டிலே, சுவீடன் நாட்டு உப்சாலா நகரில், ஊலொப் இயோட்டர் என்பவரும் அவர் ஆசிரியர் அண்டர்ஸ் செல்சியசும் ஓர் உண்மையைக் கண்டனர். வானத்திலே துருவ ஒளி ஆடும்போது, மேசைமேலிருந்த காந்த ஊசியும் ஆடியது. பனியின் குளிரை நாம் எந்தச் செல்சியசின் பெயராலே அளக்கின்றோமோ, அதே செல்சியசுதான் இவர். வானத்து ஒளிக்கும் பூமியின் காந்தத்துக்கும் உறவுண்டென்பது அன்று வெளிப்பட்டது.

நோர்வே நாட்டுப் பேராசிரியர் கிறிஸ்தியன் பேர்க்லண்ட் (1867–1917) இதனை மேலும் ஆராய்ந்தார். வடநோர்வேயின் ஆல்ற்றா நகருக்கு அண்மையிலுள்ள ஹல்டே மலையுச்சியிலே 1899இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். பின்னர், காற்று நீக்கிய கண்ணாடிப் பெட்டியொன்றிலே காந்தம் பொதிந்த சிறு உருண்டையை வைத்து, அதனை நோக்கி இலத்திரன்களைச் செலுத்தினார். உருண்டையின் இரு துருவங்களையும் சூழ ஒளி வளையங்கள் தோன்றின. அவர் கூறிய மின்னோட்டங்கள் வானத்திலே மெய்யாக உண்டென்பதை, அவர் மறைந்து அரை நூற்றாண்டின் பின்னரே செய்மதிகள் உறுதிப்படுத்தின.

15 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஞாயிற்றிலிருந்து மின்னேற்றமுற்ற துணிக்கைகள் விநாடிக்குப் பல நூறு கிலோமீற்றர் வேகத்திலே இடையறாது வீசுகின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றுட் பெரும்பாலானவற்றை விலக்கிவிடுகின்றது. அவ்வீச்சினாலே காந்தப்புலம் இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுபடுகின்றது. அவ்வாலிலே திரண்ட சக்தி திடீரென விடுபடும்போது, இலத்திரன்கள் காந்தக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளை நோக்கி விரைந்து, மேல்வளியிலுள்ள அணுக்களைத் தாக்குகின்றன. தாக்குண்ட அணுக்கள் ஒளியை உமிழ்கின்றன. 100 முதல் 150 கிலோமீற்றர் உயரத்திலே ஒட்சிசன் பச்சையொளி தருகின்றது. 200 கிலோமீற்றருக்கு மேலே அதே ஒட்சிசன் செந்நிறம் காட்டுகின்றது. காரணம் யாதெனில், பச்சையை உமிழத் தாக்குண்ட அணுவுக்கு ஒரு விநாடியும் வேண்டியதில்லை. சிவப்பை உமிழவோ ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேறெதனோடும் மோதாதிருத்தல் வேண்டும். வளி மிக ஐதான உயரத்திலே மாத்திரம் அத்தகைய தனிமை வாய்க்கும். கீழ்விளிம்பின் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைதரசன் தருபவை.

ஆகவே, நாம் காணும் திரைச்சீலை வெறும் அழகன்று. நம்மைக் காக்கும் காந்தக் கூரையின்மேல் ஞாயிற்றுப் புயல் மோதுவதன் சுவடு அது. 1859ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துப் பெரும்புயலின்போது தந்திக் கம்பிகளிலே தீப்பொறி பறந்தது. 1989 மார்ச் மாதத்திலே கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருண்டது. 2024 மே மாதத்திலோ, இமயமலைச் சாரலிலுள்ள லடாக் பிரதேசத்திலும் வானம் சிவந்ததைக் கண்டனர்.

மெலியும் கூரை

காலடியிலே ஒரு கூரை; அது மீன்களைக் குளிரினின்று காக்கின்றது. தலைக்கு மேலே ஒரு கூரை. அது நம்மைக் கதிரவனின் சீற்றத்தினின்று காக்கின்றது. இவ்விரண்டின் நடுவே, ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து, முதியவரும் பேரனும் மூன்று மீன்களைப் பிடித்துவிட்டனர்.

திரும்பும் வேளை. இரு தீவுகளுக்கிடையேயுள்ள ஒடுக்கத்தினூடு சென்றால் வீடு அண்மை. முதியவர் இரும்புக்கோலாற் குத்துகின்றார். முதற்குத்திலே கட்டி அதிர்கின்றது. இரண்டாம் குத்திலே கோல் உள்ளே இறங்கி, நீர் பொங்குகின்றது. பேரனைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, தம் சுவட்டிலேயே பின்வாங்குகின்றார்.

"நேற்று ஆட்கள் இவ்வழியே போனார்களே, தாத்தா?"

"நேற்றைய சுவடு நேற்றைக்கு மாத்திரமே சாட்சி, மகனே. என் தகப்பனார் காலத்திலே, இந்த மாதத்தில், இவ்வழியே பனிமான் வண்டியே ஓடியது."

ஓரிடத்துப் பனிக்கட்டி மெலிந்ததைக்கொண்டு உலகத்தை அளத்தல் முறையாகாது. ஆனால் ஏடுகளும் அதனையே கூறுகின்றன. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் எல்லையாக ஓடும் தோர்னியோ ஆற்றிலே, பனிக்கட்டி உடைந்தோடும் நாள் 1693ஆம் ஆண்டு தொடக்கம் குறித்து வைக்கப்பட்டுள்ளது. அக்குறிப்புகளின்படி, பனி உடையும் நாள் காலப்போக்கிலே முன்னேறி வந்திருக்கின்றது. 1979இன் பின்னர் துருவப் பிரதேசம் உலகச் சராசரியிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதெனப் பின்லாந்து வானிலை ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. ஏரிகள் பிந்தி உறைகின்றன, முந்திக் கரைகின்றன. பாட்டன் பேரனுக்குக் கற்பித்த நாட்கணக்கு பொய்த்துப்போகின்றது. எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கும் உலகத்தார் அனைவர்க்கும் இதிலே பங்குண்டு. பனிக்கட்டியைப் பேழையிலன்றி வேறெங்கும் காணாத நமக்கும் உண்டு.

மேலேயுள்ள கூரை மனிதன் கைக்கு எட்டாதது. பூமியின் வயிற்றிலே உருகிக் குழம்பும் இரும்பிலிருந்து பிறக்கும் அக்காந்தத்தை நாம் ஆக்கவும் இல்லை, அழிக்கவும் இயலாது. கீழேயுள்ள கூரையோ நம் செய்கையாலே மெலிகின்றது. நம் செய்கையாலேதான் காக்கப்படவும் வேண்டும்.

முதியவர் சுற்றுவழியே நடக்கின்றார். வீடு சேர இன்னும் ஒரு மணி நேரம் அதிகமாகும். வீட்டிலே உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்து மீன்கஞ்சி காய்ச்சக் காத்திருக்கிறார்கள். வானத்திலே பச்சைத்திரை மங்கி, மீண்டும் சாம்பல் வில்லாகி ஒடுங்குகின்றது. சிறுவன் இப்போது மேலே பார்க்கவில்லை. இரும்புக்கோலை அவன் கையிலே கொடுத்துவிட்டார் தாத்தா. அவன் முன்னே குத்திப் பார்க்கின்றான். செவிசாய்த்து ஒலியைக் கேட்கின்றான். பின்னரே அடியெடுத்து வைக்கின்றான்.